வால்பாறைக்கு முதல்முறை கார் ஓட்டிப் போகிறீர்களா? இறங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன், வயது 34. மூன்று வருடமாகக் கார் ஓட்டுகிறேன். தினமும் கம்பெனிக்கு நானேதான் ஓட்டிப் போகிறேன், கோவை வரைக்கும் போயிருக்கிறேன், ஆனால் மலையில் ஓட்டியதில்லை. அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு வால்பாறை போக ஆசை. காலை நான்கு மணிக்குக் கிளம்பி, வால்பாறை, சோலையாறு அணை பார்த்துவிட்டு அப்படியே அதிரப்பள்ளி அருவிக்கு இறங்கி, இரவு வீடு திரும்பலாம் என்பது என் கணவரின் திட்டம். அவருக்கு ஓட்டத் தெரியாது. எங்களுடையது ஆட்டோமேட்டிக் (ஏ.எம்.டி.) சின்னக் கார். ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கும் மாமியாரும் வருகிறார். "நாற்பது வளைவு இருக்காம், டிரைவர் போட்டுக்கலாம்" என்கிறார் அவர். நான் ஓட்டலாமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஓட்டலாம். தயங்காமல் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து பதினோரு வருடம் சுற்றுலா வேன் ஓட்டினேன். அதன்பின் இத்தனை காலமாக ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறேன். மலையில் நான் அதிகம் பயந்தது 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று வருபவர்களைப் பார்த்துத்தான். முன்கூட்டியே கேட்டு எழுதியிருக்கிறீர்களே, மலைக்கு அந்தக் குணம் போதும். உங்கள் கணவரின் ஒரு நாள் திட்டத்துக்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒன்றரை மணி நேரம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான், ஆனால் ஆழியாறு தாண்டியதும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. நாற்பது கொண்டை ஊசி வளைவு, வழியில் நிற்கும் இடங்கள், எதிரே வரும் பஸ், எல்லாம் சேர்த்துப் புதிதாக ஓட்டுபவருக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வையுங்கள். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி இன்னும் 80 கிலோமீட்டர். அதில் மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் நடுவே முழுக்கக் காடு. பெட்ரோல் பங்க் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது, பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது. இரண்டு முனையிலும் கேரள வனத்துறையின் சாவடி இருக்கிறது. உள்ளே நுழையும் நேரத்தை எழுதிக்கொள்வார்கள், வெளியே வரும்போது அதைப் பார்ப்பார்கள், பொழுது சாய்ந்தால் அடைத்துவிடுவார்கள். அருவியையும் பார்த்து, சாலக்குடி இறங்கி, திருச்சூர், பாலக்காடு சுற்றி வீடு வந்து சேரும்போது நடுநிசி. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்த ஒரே ஆள் நடுநிசி வரை ஸ்டியரிங் பிடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், பழகிய டிரைவருக்குக்கூட. அதிரப்பள்ளியை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வால்பாறையில் ஒரு இரவு தங்குங்கள்.

இனித் திட்டம். எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தொடங்கித் திட்டம் போடுவார்கள். மலைப் பயணத்துக்கு இறங்கும் நேரத்தில் தொடங்க வேண்டும். மறுநாள் மாலை நான்கு மணிக்குள் ஆழியாறு அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அப்படியானால் மதியம் ஒரு மணிக்கு வால்பாறையை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் என்ன பார்க்க முடியுமோ அதுதான் இரண்டாம் நாள். முதல் நாளையும் அதேபோலப் பின்னோக்கி எண்ணுங்கள்: மதியச் சாப்பாட்டுக்கு வால்பாறை என்றால் ஒன்பது மணிக்கு ஆழியாறு, ஏழு மணிக்குத் திருப்பூர். நான்கு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பவே வேண்டாம்.

ஏன் இறக்கத்தை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஏறும்போது வேலை செய்வது இன்ஜின். அதனால் முடியாவிட்டால் வண்டி திணறும், நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது கதை வேறு. ஐந்து பேரோடு உங்கள் கார் ஏறத்தாழ 1,400 கிலோ இருக்கும். அது ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல், நாற்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கு டயரிலும் காற்றிலும் போய்விடும். மிச்சத்தை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ளும். பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பிரேக் பேட் சூடேறிப் பிடி குறையும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதிக்கத் தொடங்கும். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை தாங்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பது. ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே குமிழி விட்டுவிடும். குழாயில் ஆவி நிறைந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

எனக்கு அது நடந்திருக்கிறது. வேன் ஓட்ட வந்த இரண்டாம் வருடம், பன்னிரண்டு பேரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் தேயிலை ஏற்றிய லாரி. அதைத் தாண்ட முடியாமல், கியரைக் குறைக்கத் தோன்றாமல், பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போனேன். பத்துப் பதினைந்து வளைவுக்குப் பிறகு துணி கருகுகிற மாதிரி ஒரு வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. கியரை இரண்டுக்கும் பிறகு ஒன்றுக்கும் இழுத்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்லத் தூக்கி, மலைப்பக்கக் கால்வாயில் இடது சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. பின்னால் வந்த ஒரு பஸ் டிரைவர், என் அப்பா வயது இருக்கும், இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "தம்பி, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கு. பிரேக்கு உனக்கு மிச்சம் இருக்கோணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்கள் காருக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஏ.எம்.டி. வண்டியை, அதுவே கியர் மாற்றிக்கொள்ளும் 'டி'-யில் விட்டு இறங்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இனி இழுவை தேவையில்லை போலிருக்கிறது என்று அது மேல் கியருக்குப் போய்விடும். இன்ஜினின் பிடி போய் வண்டி ஓடத் தொடங்கும், நீங்கள் பிரேக்கைத் தேடுவீர்கள். லிவரை, நாமே கியர் மாற்றும் 'எம்' பக்கம் தள்ளி, இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். அது உங்களுக்காக உழைக்கும் சத்தம். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அழுத்தி விடுவது நல்லது. லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கச் சொல்லும் உறவினர் யாராவது இருப்பார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஏறும்போதும் 'எம்' நல்லது. இந்த வகைக் கார் கியர் மாற்ற ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நொடி வளைவின் நடுவில் வந்தால் வண்டி மூச்சு விட்டு நின்றதுபோல் இருக்கும், புதியவர்கள் அங்கேதான் பதறுவார்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டுக்கோ ஒன்றுக்கோ குறைத்துவிடுங்கள். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, கிளட்ச் கருகிவிடும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். கிளம்பும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் தள்ளுவதை உணர்ந்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது மேம்பாலச் சரிவில், கூட்டமில்லாத நேரத்தில் இதை இருபது முறை பழகிவிட்டு வாருங்கள். கிளம்பும் முன்பு செய்ய வேண்டியதில் இதைவிட முக்கியமானது எதுவுமில்லை.

கொண்டை ஊசி வளைவில் இன்னொன்று. வளைவு வரும் முன்பே தலையைத் தூக்கி மேலே பாருங்கள். நீங்கள் அடுத்து ஏறப்போகும் சாலை உங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். பஸ் வருகிறதா என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பஸ் வந்தால் வளைவுக்கு நாலைந்து கார் நீளம் முன்பாகவே இடது ஓரம் நின்றுவிடுங்கள். அதற்கு முழுச் சாலையும் வேண்டும், வளைவுக்குள் போய் மாட்டிக்கொண்டால் இருவருக்கும் வழியில்லை. இடதுபுறம் திரும்பும் வளைவுகள் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும், கை தானாக வலதுக்குப் போகும். போக விடாதீர்கள். ஹாரன் அடியுங்கள், ஓரம் பிடியுங்கள், நடந்து போகிற வேகம் போதும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமே. நீங்கள் இறங்கும் நாளில் அதை நினைவில் வையுங்கள். பின்னால் ஹாரன் அடித்து விரட்டுபவர்களுக்கு, இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள். அவசரம் அவர்களுடையது.

கிளம்பும் வாரத்தில் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பேட் எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பாருங்கள். கூலன்ட், ஸ்டெப்னியில் காற்று, வைப்பர், முன்விளக்கு. டேங்க்கைப் பொள்ளாச்சியில் நிரப்பிவிடுங்கள்.

அனுமதி விஷயம்: 2025 நவம்பர் 1 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்தே இருப்பது போலத்தான். அரசின் இணையதளத்தில் பதிந்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் பை வேண்டாம், சாவடியில் பார்ப்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் அந்தச் சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். முதல்முறை மலை ஏறுபவருக்கு ஏற்றத்தில் நின்று நின்று போவதைவிடக் கஷ்டம் வேறில்லை. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டால் பரவாயில்லை. வானம் தெளிவாக இருக்கும். கம்பெனியில் லீவு கிடைக்காமல் அரையாண்டு விடுமுறையில்தான் வர முடியும் என்றால், விடுமுறையின் முதல் இரண்டு நாளில் வந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் வேண்டவே வேண்டாம். பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த மழையில் சாலையில் மண்ணும் மரமும் விழுவது சாதாரணம்.

இனி அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் பயம் இருந்ததே தவிர, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது இல்லை. ஆழியாறு அணையில் இறங்கி, பிள்ளைகளை ஓடவிட்டு, இட்லியை அங்கேயே சாப்பிடுங்கள். குரங்கு அருவியில் நிற்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளைவுகளுக்கு எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். இந்த மலைப்பாதையை அமைத்த இன்ஜினியர் லோம் என்பவரின் பெயர் அது. அங்கே நின்று கீழே பாருங்கள். நீங்கள் ஏறி வந்த சாலை பாம்பு சட்டை உரித்துப் போட்டதுபோல் கிடக்கும், அதற்கு அப்பால் ஆழியாறு நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பு. சுற்றியுள்ள பாறைகளையும் சாலையோரத் தடுப்புச் சுவரையும் கவனியுங்கள். வரையாடு நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு பக்கத்தில், காரில் போய்ப் பார்க்கக் கிடைப்பது இந்தப் பாதையின் கொடை. எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழகினால் அது வண்டிக்கு நடுவில் வந்து நிற்கும்.

அட்டகட்டியில் தேநீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள், டிரைவருக்கு இது கட்டாயம். அதற்கு மேல் காடு மாறும், குளிர் வரும். கவர்க்கல் பக்கம் பட்டப்பகலிலும் பனிமூட்டம் இறங்கும். இறங்கினால் முன்விளக்கை டிம்மில் போடுங்கள். ஹை பீம் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகிக் கண்ணைக் கூசும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்னால் எதுவுமே தெரியவில்லை என்றால், சாலையை விட்டு அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். அங்கே பனி வந்த வேகத்தில் விலகும்.

அதன் பிறகு தேயிலை. வால்பாறைக்குள் நுழையும் முன்பு புதுத்தோட்டம் வரும். அங்கே மிக மெதுவாகப் போங்கள். சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. இருபுறமும் மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் பாலம்போல் கட்டியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சக்கரத்தில் அடிபடாமல் கடக்க அவற்றுக்காகப் போட்டது. என் மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அங்கே வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுவேன். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தால் மேலே இலை அசையும்.

மாலை ஆறு மணிக்கு மேல் அறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். இது யானைகளின் ஊர். தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவை போய்த்தான் ஆக வேண்டும். யானை அருகில் இருந்தால் எச்சரிக்கச் சிவப்பு விளக்குகளையும் செல்போன் செய்தியையும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு இங்கே ஏற்பாடு செய்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2025 பிப்ரவரியில் இதே பொள்ளாச்சி சாலையில், யானையைத் தாண்டிப் போக முயன்ற ஜெர்மன் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். பைக்கில் வந்தவர். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், போட்டோவுக்கு இறங்க வேண்டாம், அது போகும் வரை காத்திருங்கள். பின்னால் போக இடமிருந்தால் மெல்லப் பின்னுக்குப் போங்கள்.

மறுநாள் காலை நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனை அல்லது சோலையாறு அணை, இரண்டில் ஒன்று. இரண்டையும் பார்க்க ஓடினால் ஒரு மணிக்குக் கிளம்ப முடியாது.

கடைசியாக உங்கள் மாமியார். அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள், கணவர் பின்னால் பிள்ளைகளோடு இருக்கட்டும். உள்காது உடல் சுழல்வதை உணர்கிறது, பின்சீட்டில் கண்ணோ அசையாத சீட்டின் முதுகைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். முன்னால் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தால் பாதி குறையும். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள், காருக்குள் வாசனைத் திரவம் தொங்கினால் எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் போன் பார்க்கக் கூடாது. மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே அவர் போட்டுக்கொள்ளட்டும். தூக்கம் வரவழைக்கும் மருந்து அது, நீங்கள் தொடக் கூடாது. பத்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்துங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். வளைவு எண்ணைப் படித்துச் சொல்வது. ஏறும்போது ஒன்று, இரண்டு என்று கூட்டி, இறங்கும்போது நாற்பது, முப்பத்தொன்பது என்று குறைத்து. எண்களைப் பார்த்துக்கொண்டே வருபவருக்குக் கண் சாலையில் இருக்கும். டிரைவர் போட்டுக்கலாம் என்றவரே உங்களுக்கு வழிகாட்டியாக வருவார். உங்களுக்கும் ஒரு குரல் துணை இருக்கும்.

மறுநாள் மாலை ஆழியாறில் இறங்கியதும், தேநீர்க் கடையில் நிறுத்திவிட்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள். கை தாங்கும் சூடுதான் இருந்தது, கருகல் வாடை இல்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வாடை வந்திருந்தாலும் எழுதுங்கள், எந்த வளைவில் தொடங்கியது என்பதையும் சேர்த்து. அடுத்த முறை அதிரப்பள்ளிக்குத் திட்டம் போடும்போது அதிலிருந்து தொடங்குவோம்.